தினமும் தலைக்கு

பஞ்சாலையில் நூல் சுற்றும் வேலைக்குப் போன நாலாம் மாதமே அஞ்சலாட்சியின் தலையில் புண் வந்துவிட்டது. எட்டு மணி நேரமும் பறக்கிற பஞ்சுத்தூசி, எண்ணெய் வைத்த கூந்தலில் அப்பிக்கொள்ளும். வேர்வையும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? சொறிந்த இடமெல்லாம் நீர் கோத்தது.

ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்த நர்ஸ், "தெனம் தலைக்கு ஊத்தும்மா, எண்ணெ வைக்காத" என்று சொல்லி அனுப்பினாள்.

ரெட்டியார்பாளையத்து வீட்டில் அது நடக்குமா? மாமியார் சின்னக்கண்ணுவுக்குப் பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் நாள் செவ்வாயும் வெள்ளியும்தான். திங்கட்கிழமை சாயங்காலம் ஈரத்தலையோடு நின்ற மருமகளைப் பார்த்ததும் கத்தினாள்.

"இன்னாடி இது? பாக்கறவங்க எழவு வூடுன்னு நெனைக்க மாட்டாங்க?"

"ஒங்க புள்ளையும் அதே மில்லுதான் அத்தே. தெனம் ஊத்திக்கிறாரு. அவரப் பாத்து யாரு எழவு கேட்டாங்க?"

வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் ராஜாங்கம் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"அவனுக்கு ரெண்டு சொம்பு தண்ணி போதும். ஒனக்கு இடுப்பு வரைக்கும் தொங்குது. தெருக்கொழாயில ஒரு கொடம் புடிக்கறதுக்குள்ள உயிரு போவுது. அத்தினியும் ஒன் தலைக்கா? காயாம சளி புடிச்சிப் படுத்துட்டா யாரு பாக்கறது?"

அதிலும் நியாயம் இருந்தது.

மறுநாள் வேலை விட்டு வந்தவள் கத்தரிக்கோலை எடுத்தாள். பின்னலைத் தோளருகே இழுத்துப் பிடித்து வெட்டினாள். கனத்த பின்னல், ஒரே வெட்டில் போகவில்லை. கல்யாணத்தன்று அதில் நுனிவரை மல்லிகை வைத்துத் தைத்திருந்தார்கள். கண் கலங்கியது. கை நிற்கவில்லை.

சின்னக்கண்ணு மாரில் அடித்துக்கொண்டாள். ராஜாங்கம், "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?" என்றான்.

"கேட்டா வேணாம்னுதான சொல்லியிருப்பீங்க? அரிப்பு ஒங்க தலையிலயா இருக்கு?"

குழாயடியில் சிலர், "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்று கேட்டார்கள். "வேண்டுதலும் இல்ல, ஒண்ணுமில்ல. தலையில புண்ணு" என்று நேராகச் சொன்னாள். அரைக் குடம் தண்ணீரில் தினமும் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். சின்னக்கண்ணு பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மாதத்தில் புண்ணெல்லாம் காய்ந்து உதிர்ந்தது.

ஒருநாள் அவள் கண்ணை மூடிச் சோப்பு தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் மாமியாரின் குரல் கேட்டது.

"பொடனியில நுரை நிக்குது. குனி." சொம்பில் மொண்டு ஊற்றியபடியே கேட்டாள். "முடி வளந்தா மறுபடியும் வெட்டுவியா?"

"மில்லுக்குப் போற வரைக்கும் வெட்டுவேன் அத்தே."

சின்னக்கண்ணு அடுத்த சொம்பை மொண்டாள்.