கழற்றி வைத்த வயர்

கரண்ட் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஜெனரேட்டர் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு, பெல்ட் அறுந்து, சூடேறித் தானாக நின்றுவிட்டது. எங்கள் குஞ்சு பொரிப்பகத்தின் பெட்டிகளுக்குள் ஆறாயிரம் முட்டைகள், நாளை பொரிய வேண்டியவை. கண்ணாடி வழியே பார்த்தேன். முப்பத்தேழு டிகிரியில் இருக்க வேண்டிய வெப்பமானி முள் முப்பத்திரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். வந்து சேர மூன்று மணி நேரமாகும் என்றார். "உங்க எட்டு விரல் முதலாளி இருக்காருல்லக்கா, அவரு சொல்லச் சொல்ல நீங்களே மாட்டிருங்க" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

என் கணவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய் நாற்பது நாள். இதே பெல்ட்டை மாற்றும்போதுதான். சுவிட்சை 'ஆஃப்'பில் வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டிருந்தார். ஐந்து நிமிட வேலைதானே என்று பேட்டரி வயரைக் கழற்றவில்லை. கரண்ட் போன நொடியில் இன்ஜின் தானாக ஓடத் தொடங்கியது. பார்த்தால், சுவிட்ச் 'ஆட்டோ'வில் இருந்தது. தான்தான் 'ஆஃப்' செய்ய மறந்து அப்படியே விட்டுவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். புத்தி எங்கே போயிற்று என்று அவருடைய அக்கா அவரைத் திட்டித் தீர்த்தபோது, நான் பக்கத்தில் நின்று மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குள் ஒரு பழக்கம். ஜெனரேட்டர் அறையைவிட்டு வெளியே போகிறவர், கரண்ட் போனால் இன்ஜின் தானாக ஓடும்படி, சுவிட்சை 'ஆட்டோ'வில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். கல்யாணமான புதிதில் நான் ஒருமுறை மறந்ததில் இரண்டாயிரம் முட்டைகள் வீணாயின. அதன்பிறகு என் கை மறந்ததே இல்லை. அவருக்கு விரல் போன அன்றைக்குப் பழந்துணி எடுக்க வந்தேன். அவர் இன்ஜினுக்கு மறுபக்கம் குனிந்திருந்தார். திரும்பும்போது கை தானாகச் சுவிட்சுக்குப் போயிற்று.

இன்று நானும் அவரும் இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தோம். ரேடியேட்டர் மூடியைத் தொடாதே, கொதிதண்ணீர் முகத்தில் அடிக்கும் என்றார். வாசலருகே சுவரில் இருந்த சுவிட்சை 'ஆஃப்' செய்தார். பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றச் சொன்னார். கழற்றி, முனையில் துணியைச் சுற்றித் தள்ளி வைத்தேன். பெல்ட்டை மறைத்திருந்த வலை மூடியை எடுத்தேன். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஆல்டர்னேட்டரின் போல்ட்டைத் தளர்த்தினேன். புது பெல்ட்டை மாட்டக் கை உள்ளே போகவேண்டும். போகவில்லை. பெல்ட்டை ஒட்டியிருந்த இன்ஜின் ஃபேனின் ஓரத்தில், துடைத்தும் போகாத ஒரு கறை.

"என்ன, பயமா? வயரத்தான் கழட்டிட்டோமே."

"அதில்லங்க. அன்னிக்கு சுவிட்சப் போட்டது நான். துணி எடுக்க வந்தேன்ல, போறப்ப பழக்கத்துல போட்டுட்டேன்."

அவர் தன் கையைப் பார்த்தார். "நாப்பது நாளா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு எழுந்து வெளியே நடந்தார். வாசலருகே அவருடைய இடது கை தானாகச் சுவருக்கு நீண்டது. டிக்கென்று ஒரு சத்தம்.

சுவிட்ச் 'ஆட்டோ'வில் நின்றது. வேறு எதுவும் அசையவில்லை. ஃபேன் என் கைக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே இருந்தது.

அவர் சுவிட்சைப் பார்த்தார். தரையில் கிடந்த வயரைப் பார்த்தார். சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். அவர் தோள்கள் குலுங்கின. பக்கத்தில் போக எனக்குத் தைரியமில்லை. போக நேரமும் இல்லை. அங்கே பெட்டிகளில் முள் இறங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியில் எழுந்து சுவிட்சை 'ஆஃப்'பில் வைத்தார். வலது கையின் மூன்று விரல்களாலும் அதை மூடிக்கொண்டு நின்றார்.

"மாட்டு. நான் இங்கருந்து நகர மாட்டேன்."

மாட்டினேன். ஆல்டர்னேட்டரை வெளியே இழுத்து போல்ட்டை இறுக்கினேன். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். ஒரு விரற்கடை அமுங்கியது. ஸ்பேனர்களை எடுத்து வைத்து, ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்து, வலை மூடியை மாட்டி, கடைசியாக மைனஸ் வயரைப் பேட்டரியில் மாட்டினேன். அவர் சுவிட்சை 'ஆட்டோ'வில் போட்டார். இன்ஜின் ஓடியது.

முள் இருபத்தொன்பதில் இருந்தது. அவர் பெட்டியைத் திறந்து ஒரு முட்டையைக் காதில் வைத்தார்.

"குஞ்சு சத்தம் கேக்குதா?" என்றேன்.

"இரு" என்றார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.