விடுபட்ட எடை

"அப்ப ஃபேனப் போடாதீங்க தம்பி. துண்டு சுத்திக்கும், அவுரும் சேந்து சுத்துவாரு."

"எனக்குப் புழுக்கமில்லக்கா. மெஷின் சூடாவுது, அதுக்குத்தான் சொல்றேன்," என்றான் கடைக்காரன்.

"போடச் சொல்லுடி," என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. "இங்க அனலா அடிக்குது. கீழ குந்திக்கினு இருக்கறவளுக்கு என்ன தெரியும்?"

மேலேயிருந்து பேசியவன் கொளஞ்சி. அவன் கணுக்காலில் கட்டிய துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் அவன் மனைவி இளவரசி. 2012 மார்ச் மாதம், சிதம்பரம் மேல வீதியில், தேவநாதனின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில், கொளஞ்சி கான்கிரீட் கூரையின் அடிப்பக்கத்தில் முதுகு படியக் கிடந்தான். அவனுடைய எடை போய் அப்போது ஏழரை வருடம் ஆகியிருந்தது. ஃபேன் போடப்படவில்லை.

எடை போனது 2004 ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு. கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் சாலையில், ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் எடைமேடை உண்டு. சவுக்குக்கட்டை ஏற்றிய லாரி முதலில் லோடோடு மேடை மேல் ஏறும்; பின்னாலிருக்கும் கிடங்கில் கட்டையை இறக்கிவிட்டுத் திரும்பவும் காலி வண்டியாக ஏறும். முதல் எடையிலிருந்து இரண்டாம் எடையைக் கழித்தால் கட்டையின் எடை. இரண்டு முறையும் வண்டியில் ஆள் இருக்கக் கூடாது. ஜன்னலோரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர், "ஆளு எறங்கு" என்று கத்திவிட்டுத்தான் பட்டனைத் தட்டுவார். அன்றைக்குத் தூறல் போட்டதால் ஜன்னல் சாத்தியிருந்தது. மாலதி என்ற இருபத்து நாலு வயதுப் பெண் வெளியே பார்க்காமல் தட்டினாள். லோடுமேன் கொளஞ்சி கட்டைகளின் மேல் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். காலி வண்டி திரும்ப ஏறியபோது அவன் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஆகவே அவனுடைய ஐம்பத்தெட்டுக் கிலோ கட்டையோடு கட்டையாகக் கணக்கில் ஏறி, அன்று மதியமே வேறொரு லாரியில் ஏதோ ஒரு காகித ஆலைக்குப் போய்விட்டது. டீ கிளாஸை வைத்துவிட்டு அவன் எழுந்தபோது செருப்புகள் இரண்டும் தரையிலேயே நின்றன. டீக்கடைக்காரர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் சர்க்கரை ஜாஸ்தியா கம்மியா என்று கேட்டார்.

முதல் வருடம் அது பெரிய துன்பமாக இல்லை. மடியில் நாலு கருங்கல்லைக் கட்டிக்கொண்டால் நடமாட முடிந்தது. தேங்காய் பறிக்கவும், மாதா கோயில் கொடிமரத்தில் சிக்கிய கயிற்றை எடுக்கவும் அவனைக் கூப்பிட்டார்கள். அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. அதன்பிறகு பல மாதங்களுக்கு, மிதக்கிற ஒரு மனிதனைப் பற்றி யோசிக்கக் கரையோரத்தில் யாருக்கும் மனம் இல்லை. கடலூரில் ஒரு டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். கனம் வந்துவிடும் என்று நம்பி இளவரசி ஒரு வேளைக்கு இரண்டாகக் கொடுத்தாள். கனம் வரவில்லை. மாறாக, ஒவ்வொரு வருடமும் அவனை மேலே இழுக்கும் விசை ஆறு கிலோ கூடியது. மடியில் கட்டிய கல் முதலில் ஒரு மாதத்திலும், பிறகு ஒரு வாரத்திலும், பிறகு ஒரே நாளிலும் நெட்டியைப்போல லேசாகிப்போனது. கட்டில், ஆட்டுக்கல், வாசலில் நட்ட இரும்புக் குழாய் எல்லாம் அப்படியே லேசாயின. மனிதர்கள் மட்டும்தான் தாங்கினார்கள், அவர்கள் தினமும் சாப்பிடுவதால் இருக்கலாம். இளவரசி ராவும் பகலும் அவன் கையைப் பிடித்திருந்தாள். ஐம்பத்தாறு கிலோ இருந்தவள் நாற்பத்தேழு ஆனாள்.

2008 பொங்கல் கழித்து மாலதி அவர்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தன. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, ஒரு பழைய எடைச் சீட்டின் நகலை நீட்டினாள். கிடங்கில் கட்டையைத் தனியாக நிறுத்தபோது ஐம்பத்தெட்டுக் கிலோ குறைந்தது அவளுக்கு அந்த வாரமே தெரியும். வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை.

"நாலு வருசமா வச்சிருந்தியா இத?" என்றாள் இளவரசி.

"ஆமாக்கா."

"எங்க வச்சிருந்த?"

"பைபிள்ள."

இளவரசி அவளைத் திட்டவில்லை. சீட்டை என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டாள். சீட்டைத் திருத்தலாம் என்றாள் மாலதி. லாரிக்காரர்கள் சிலசமயம் ஸ்டெப்னி டயரைப் பஞ்சர் ஒட்டக் கழற்றிவிட்டு, அது இல்லாமல் காலி வண்டியை ஏற்றிவிடுவார்கள். அதற்காகவே அந்தப் புரோகிராமில் ஒரு வழி இருந்தது. பழைய சீட்டைத் திறந்து, 'விடுபட்ட எடை' என்ற இடத்துக்குப் போய், விட்டுப்போன பொருளை மட்டும் மேடைமேல் வைத்தால், அந்த எடை கட்டையிலிருந்து கழிந்து வண்டியோடு சேர்ந்துவிடும். ஆனால் முந்தைய வருடம்தான் முதலாளி புதுக் கம்ப்யூட்டரும் புதுப் புரோகிராமும் வாங்கியிருந்தார். பழைய பெட்டி காயலாங்கடைக்குப் போய்விட்டது. பழைய புரோகிராமும் அந்த வருடத்துச் சீட்டுகளும் மூன்று ஃப்ளாப்பிகளில் மாலதியிடம் இருந்தன.

பிறகு நாலு வருடம் அந்த மூன்று ஃப்ளாப்பிகளும் கடலூரில் ஏறாத கடை இல்லை. மஞ்சக்குப்பத்தில் ஒருவர் இதையெல்லாம் இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்று சிரித்தார். முதுநகரில் ஒருவர் புதுப் புரோகிராம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அதில் அவர் எடை இருக்காதே என்று இளவரசி சொன்னது அவருக்குப் புரியவில்லை. பழையதைப் புதியது படிக்காது என்பது ஒரு சட்டம்போல எல்லோர் வாயிலும் இருந்தது. 2011 டிசம்பர் முப்பதாம் தேதி காலை தானே புயல் கரையேறியபோது, பக்கத்து வீடுகளோடு சேர்த்துக் கொளஞ்சியின் வீட்டுக் கூரையும் போனது. அவன் ஏழு வருடம் முதுகு சாய்த்த கூரை என்பதால் அது காகிதம்போலச் சத்தமில்லாமல் போனது. இரண்டு மணி நேரம் இளவரசி அவனைக் கட்டிக்கொண்டு சேற்றில் கிடந்தாள். அவர்கள் இருவருக்கும் மேலே அதன்பிறகு வானம் மட்டுமே இருந்தது. புயல் நிவாரண அரிசி வாங்கப் போன இடத்தில் அவள் தராசில் ஏறி நின்று பார்த்தாள். தனியாக நின்றால் நாற்பத்தேழு. அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் மூன்று. அந்த மூன்று பூஜ்யமாகிற அன்று என்ன நடக்கும் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை.

தேவநாதனிடம் ஃப்ளாப்பி படிக்கும் கருவி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, மூடிய குட்டி யானை வண்டியில் கொளஞ்சியைச் சிதம்பரத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாலதி முன்சீட்டில் வந்தாள். ஃப்ளாப்பிகளில் இரண்டைத் தேவநாதன் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் படித்தான், மூன்றாவதைத் துடைக்காமலேயே படிக்க முடிந்தது. எல்லாவற்றையும் ஒரு புது லேப்டாப்பில் ஏற்றிப் புரோகிராமைத் தட்டினான். இது இந்த விண்டோஸுக்கு ஒத்துவராது என்று திரையில் ஒரு செய்தி வந்தது. பக்கத்திலிருந்த வேறொரு பெட்டியில் ஏற்றி, பழைய விண்டோஸ் என்று அதை நம்பவைத்து ஓட்டும் ஏற்பாட்டைப் போட்டான். கறுப்புத் திரை ஒன்று திறந்தது, இரண்டு நொடி நின்றது, மூடிக்கொண்டது. அந்த இரண்டு நொடியில் கொளஞ்சி கூரையிலிருந்து ஒரு சாண் இறங்கி மறுபடி மேலே முட்டினான்.

"யோவ், மண்ட!" என்றான் கொளஞ்சி.

அதுவரை இதை ஒரு வேடிக்கையாக நினைத்திருந்த தேவநாதன் கடைக்கதவைப் பாதி சாத்தினான். மதியம் சாப்பிடப் போகவில்லை. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் காரணம் கண்டுபிடித்தான். பழைய புரோகிராம் எழுந்ததும் முதல் வேலையாக, தான் இருக்கும் மெஷினின் வேகத்தை எண்ணிப் பார்க்கும். புது மெஷின் அது எண்ண ஆரம்பிக்கும் முன்பே ஓடி முடித்துவிடும். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாததால் அது மயங்கி விழுந்தது. அவன் லேப்டாப்புக்குள் இன்னொரு மெஷினை உண்டாக்கினான். பழைய பெட்டியைப்போல நடிக்கும் மெஷின், மாட்டுவண்டி வேகம்தான் போகும். அதற்குள் புரோகிராமைத் திறந்தபோது பச்சை எழுத்துகள் வந்து நின்றன. மாலதி அந்தச் சீட்டின் எண்ணைத் தட்டினாள்.

கொளஞ்சி கிணற்றில் விடும் வாளியைப்போல மெல்ல இறங்கினான். முதலில் கட்டைவிரல், பிறகு குதிகால். சீட்டு திறந்திருக்கும்வரை எடை போட்டு முடியவில்லை என்று அர்த்தம். அவனுடைய எடை இன்னும் கட்டையோடு போய்விடவில்லை. அவன் சிமென்ட் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தான்.

"சில்லுனு இருக்குதுடி," என்றான். பிறகு அழுதான். இளவரசி அழவில்லை, அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது நிமிடம் கழித்துப் புரோகிராம் தானாக மூடிக்கொண்டது. அவன் மறுபடி கூரைக்குப் போய்விட்டான்.

அடுத்த மூன்று வாரம் கொளஞ்சி அந்தக் கடையிலேயே இருந்தான். ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்த காலேஜ் பிள்ளைகள் மேலே பார்த்து, "என்ன மாமா, சிக்னல் கெடைக்குதா?" என்று கேட்டுப் பழகிவிட்டார்கள். மின்வெட்டு இல்லாத நேரமெல்லாம் தேவநாதன் புரோகிராமைத் திறந்து பார்த்தான். அது சிலசமயம் பதினோரு நிமிடம் நின்றது, சிலசமயம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. எப்போது விழும் என்று சொல்ல முடியவில்லை. 'விடுபட்ட எடை' என்ற இடத்துக்குப் போகும்போதெல்லாம் அது ஒரே வரியைக் காட்டியது: பொருளை மேடை மேல் வைக்கவும். மாலதி கையால் ஐம்பத்தெட்டு என்று தட்டினால் ஏற்கவில்லை. மேடையிலிருந்து கம்பி வழியாக வரும் எடையைத்தான் வாங்கும். யாரும் எடையை மாற்றி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, எழுதியவர் அப்படி எழுதியிருந்தார். அந்த மூன்று வாரத்தில் இளவரசி, கோயிலுக்கு அரிசி நிறுக்கும் கடையிலிருந்து தராசை இரவல் வாங்கி வந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறிப் பார்த்தாள். இந்தமுறை அது ஒரு கிலோதான் காட்டியது.

ஆகவே ஏப்ரல் முதல் ஞாயிறு, மேடைக்கு வண்டி வராத நேரத்தில், முதலாளியைக் கெஞ்சி அனுமதி வாங்கி எல்லோரும் அதே மூடிய வண்டியில் ஆலப்பாக்கம் போனார்கள். எடைமேடை மாறவில்லை. அறையிலிருந்து பதினெட்டு அடி தள்ளி, கூரையில்லாமல், வெறும் வானத்துக்குக் கீழே இருந்தது. சுற்றியிருந்த சவுக்குத் தோப்புகளைப் புயல் படுக்கவைத்திருந்தது, ஆகவே முன்பைவிட வானம் ஜாஸ்தி. தேவநாதன் அறைக்குள் மேடையின் கம்பியை ஒரு மாற்றுக் கேபிளில் கோத்து லேப்டாப்பில் செருகினான். புரோகிராம் திறந்தது. சீட்டும் திறந்தது. அறைக் கூரையிலிருந்து கொளஞ்சி தரைக்கு வந்து நின்றான்.

"இப்ப நடந்தா போயிடலாம்," என்றான் தேவநாதன். "மேடையில ஆடாம ஒரு நிமிசம் நிக்கணும். பக்கத்துல யாரும் ஏறக் கூடாது, அவுங்க எடையும் சேந்துடும். கயிறு தொளதொளன்னு இருக்கணும், இழுத்தா தப்பாக் காட்டும்."

"நடுவுல மூடிக்கிச்சின்னா?" என்றாள் இளவரசி.

தேவநாதன் திரையைப் பார்த்தான்.

கொளஞ்சி வாசற்படியில் நின்று மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேகம்கூட இல்ல, முட்டிக்கினு நிக்க," என்றான். இளவரசி அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றினாள். கம்பத்தில் கட்டுவதை அவள் நம்பவில்லை, அதுவும் லேசாகிவிடும். எடை கூடட்டும் என்று காலையிலிருந்து ஒரு குடம் தண்ணீர் குடித்திருந்தாள். சுற்றிய பிறகும் கயிறு எட்டு அடி மிச்சம் இருந்தது. திரையில் பச்சை எழுத்துகள் ஒருமுறை நடுங்கி நின்றன. சீட்டு திறந்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. மாலதி ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டுத் திரும்பினாள். இளவரசி அந்த மிச்சக் கயிற்றைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் எதிரில் நின்றாள்.

"மாலதி, நான் ஒருத்தி பத்த மாட்டேன். இந்த முனைய ஒன் இடுப்புல கட்டிக்கிறியா?"