ஒட்டுப்பால் வைத்த மூடி

மலாயாவில் சுங்கை காடுட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயங்களில் பஞ்சாலையின் வீட்டுக்கு மட்டும்தான் மின்சாரம் இருந்தது. அவள் புருஷன் திருநாவுக்கரசு எஞ்சின்காரர். ரப்பர் ஆலைக்கும், லயங்களைச் சுற்றிய முள்கம்பி வேலியின் விளக்குகளுக்கும் அவர்தான் எஞ்சின் ஓட்டினார். கம்யூனிஸ்டுகளோடு சண்டை மூண்டு, அவசரகாலம் வந்து ஜனங்களை எல்லாம் அந்தக் கம்பிக்குள் அடைத்த பிறகு, சாயங்காலம் வாசற்கதவு பூட்டிவிட்டால் தோட்டத்துக்கு இருந்த ஒரே ஆறுதல் கோயில் சபையின் ரேடியோ. அதுவும் பஞ்சாலை வீட்டில்தான் இருந்தது. அது தன் சீதனமாக வந்தது போலத்தான் அவள் நடந்துகொள்வாள். யாராவது அதன் பக்கத்தில் வெற்றிலை போட்டால்கூட முறைப்பாள்.

அந்த ரேடியோ வீட்டு மின்சாரத்தில் ஓடாது, அதற்கு ஒரு கறுப்பு பேட்டரி வேண்டும். லாரியில் இருப்பது போல, உள்ளே திராவகம் ஊற்றியது, மேலே மூன்று மூடி போட்டது. எஞ்சின் கொட்டகை கம்பிக்கு வெளியே இருந்தது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் பேட்டரி போய்ச் சேர்கிறது என்று போலீசுக்குச் சந்தேகம், அதனால் அதை வாசலைத் தாண்டி எடுத்துப் போக முடியாது. வீட்டில் வைத்தே சார்ஜ் போட்டுக்கொள்ளும்படி எஞ்சின்காரருக்கு மட்டும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அனுமதி கொடுத்திருந்தார்.

"சார்ஜ் ஏறுறப்ப உள்ள கொதிக்கும், ஆவி வரும்," என்று திருநாவுக்கரசு சொல்லாத வாரம் கிடையாது. "மூணு மூடியையும் கழட்டி வச்சிரு. சன்னலத் தொறந்து விடு. பக்கத்துல நெருப்பு மட்டும் வேணாம், அந்த ஆவி குப்புனு பத்திக்கும்."

"தெரியும்லா, நான் என்ன பச்சப்புள்ளையா?" என்பாள் பஞ்சாலை. உண்மைதான். அவளுக்குத் தெரியாமல் நடந்தது ஒன்றுமில்லை.

மகள் செங்கமலத்தைப் பெண் பார்க்க ரஹாங்கிலிருந்து ஆட்கள் வருவதாக ஒரு சனிக்கிழமை ஏற்பாடாகியிருந்தது. மாப்பிள்ளை டவுனில் அரசாங்க வேலையில் இருந்தான். ஊரடங்குக்கு முன் அவர்கள் திரும்பிவிட வேண்டும் என்பதால் மத்தியானமே வருவதாகச் சொல்லியிருந்தார்கள். புருஷன் எஞ்சினை ஓட்டப் போகுமுன் பேட்டரியைச் சார்ஜில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் புளித்த காரநெடி வீட்டைச் சுற்றியது, தொண்டை கமறியது. பஞ்சாலைக்குப் பொறுக்கவில்லை. டவுன்காரர்கள் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டால் அப்புறம் என்ன மானம்? சார்ஜை நிறுத்தவும் மனம் வரவில்லை. சம்பந்திக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது ரேடியோ பாட வேண்டும், அதற்காகத்தானே போன வாரமே அதற்குப் புதுத்துணி தைத்துப் போட்டிருக்கிறாள். ரேடியோ பாடவும் வேண்டும், அதன் நாற்றம் வரவும் கூடாது.

பக்கத்து வீட்டில் ராக்கம்மா இருந்தாள். புருஷன் செத்து, ஒண்டியாய் மரம் சீவிப் பிழைக்கிறவள். அவளுடைய தம்பி காட்டுக்கு ஓடிவிட்டான் என்று பேச்சு, அதனால் போலீசு அவள் மீது எப்போதும் ஒரு கண் வைத்திருந்தது. பஞ்சாலை எதைச் சொன்னாலும் தட்டமாட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே இடைவெளி உண்டு, அதன் வழியாகக் கம்பியை இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போடலாம்.

"ராக்கு, இத ஒங்கிட்ட வச்சுக்கடி, ஆளுங்க போற வரைக்கும்."

"வச்சிருங்கக்கா, இதுல என்ன இருக்கு?" என்றாள் ராக்கம்மா.

விருந்தாளிகள் உட்காரும் இடத்துக்கு எட்டத்தில் இருக்கட்டும் என்று, ராக்கம்மாவின் சமையற்கட்டு மூலையில் பேட்டரியை வைத்தாள் பஞ்சாலை. சார்ஜ் கம்பியையும் ரேடியோ கம்பியையும் சுவருக்கு மேலே இழுத்து மாட்டினாள். அப்படியும் நெடி சுவருக்கு மேலே ஏறி வருமே என்று ஒரு யோசனை. மூடிகளைத் திருகி மூடினாள். ஒவ்வொரு மூடியிலும் ஊசி நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை இருந்தது. ஓடுகிற வாளியோ, ஒழுகுகிற தகரமோ, தோட்டத்தில் எதை அடைக்கவும் ஒட்டுப்பால்தான், மரத்தின் வெட்டுவாயில் உறைந்து கிடக்கும் ரப்பர். அவள் வீட்டு மாடத்திலும் ஓர் உருண்டை இருந்தது. அதில் மூன்று கிள்ளு கிள்ளி, விரலால் உருட்டி, மூன்று ஓட்டையிலும் வைத்து அழுத்தினாள். நெடி நின்றது. சமர்த்து என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

போகிறபோது, "சன்னல மூடியே வையி ராக்கு," என்றும் சொல்லிவிட்டுப் போனாள். ஏன் என்று ராக்கம்மா கேட்கவில்லை. பஞ்சாலையும் சொல்லவில்லை. சொன்னால் பயந்து வேண்டாம் என்றுவிடுவாளோ என்று வாயை அடக்கிக்கொண்டாள்.

ரஹாங்கிலிருந்து எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்து இறங்கினார்கள். பஞ்சாலையின் அடுப்பில் கேசரி வெந்துகொண்டிருந்தது. காப்பிக்கு வேறு அடுப்பு இல்லை. ராக்கம்மாவை முன்னால் வரவேண்டாம் என்று காலையிலேயே பக்குவமாகச் சொல்லியாகிவிட்டது, நல்ல காரியத்தில் தாலி இழந்தவள் எதிரே வந்து நிற்கக் கூடாதாம். ஆனால் அவள் போடும் காப்பி மட்டும் வேண்டியிருந்தது.

பஞ்சாலை சுவரோரம் போய்ச் சன்னக் குரலில் கூப்பிட்டாள். "ராக்கு! அங்கயே காப்பிக்குத் தண்ணி வச்சிரு, பத்துப் பேருக்கு."

"இதோக்கா!"

நெருப்பு என்ற எண்ணம் பஞ்சாலைக்கு வராமல் இல்லை. வந்தது. ஓட்டையைத்தான் அடைத்தாகிவிட்டதே, ஆவி எப்படி வரும் என்று அதைத் தள்ளிவிட்டு, சிரித்த முகமாகக் கூடத்துக்குப் போனாள். மாப்பிள்ளையின் தாயார் ரேடியோவைப் பார்த்து, "அட, ரேடியோ எல்லாம் இருக்கா!" என்று கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த வெடிச்சத்தம் வந்தது.

பலகைச் சுவர் அதிர்ந்தது. செங்கமலம் வீறிட்டாள். வேலியோரத்தில் காவலுக்கு நின்றவர்களில் யாரோ துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். விருந்தாளிகள் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார்கள். பஞ்சாலை மட்டும் நின்றாள், என்ன வெடித்தது என்று தெரிந்த ஒரே ஆளாக.

ராக்கம்மாவைத் தூக்கி வந்து தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். கழுத்தும் தோளும் வெந்துபோயிருந்தன, இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்த நிலையிலும் அவள், "அக்கா, ரேடியோவக் கெடுத்துட்டேனே, எல்லாரோட சாமானாச்சே," என்று அழுதாள்.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நடந்த இடத்தில், தோட்டமே வரிசையில் நின்றிருக்க, போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் கையில் உடைந்த மூடி ஒன்று இருந்தது. அவர் மலாயில் கேட்க, தோட்டத்து எழுத்தரான கிராணி தமிழில் கேட்டார்.

"எஞ்சின்காரர் வீட்டுல இருக்கவேண்டிய பேட்டரி இவ வீட்டுக்கு எப்படி வந்துச்சு? ஓட்டைய வேணும்னே அடைச்சிருக்கு. அடைச்சா வெடிகுண்டுதான்னு ஐயா சொல்றாரு. யாரு அடைச்சது?"

கட்டுப் போட்ட முகத்தோடு ராக்கம்மா நடுங்கினாள். "எனக்குத் தெரியாதுங்க. மேல கறுப்பா ஒட்டியிருந்துச்சு, அது பேட்டரியோட சாமான்னு நெனச்சேன்."

"தம்பி காட்டுல இருக்கான், அக்கா வீட்டுல குண்டு," என்றார் இன்ஸ்பெக்டர். இரண்டு பேர் அவளைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள்.

திருநாவுக்கரசு அந்த மூடியைப் பார்த்தார். பிறகு பஞ்சாலையைப் பார்த்தார். வீட்டு மாடத்தில் ஒட்டுப்பால் உருண்டை இருப்பது அவருக்குத் தெரியாதா? அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். ஜீப்பின் எஞ்சின் உறுமியதும் பஞ்சாலைக்கு என்ன வந்ததோ, வரிசையை விட்டு ஓடினாள்.

"ஐயா, நாந்தான் அங்க கொண்டுபோய் வச்சேன். நாத்தத்துக்குப் பயந்து நாந்தான் அடைச்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது!"

கிராணி திருநாவுக்கரசைத் திரும்பிப் பார்த்தார். வேலை போய்விடுமே என்ற பயம் எஞ்சின்காரரின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"எம் பொண்டாட்டி அப்படிச் செய்யமாட்டா," என்றார் அவர். "நான் வாரா வாரம் சொல்லியிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரி மேல இரக்கப்பட்டு பழியத் தன் தலையில போட்டுக்குறா. பேட்டரிய அங்க வச்சது எம் பொண்டாட்டிதான், அடைச்சது அவ இல்ல."

பஞ்சாலை வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது கோபமல்ல, நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. பின்னால் எத்தனையோ இரவு அவளைத் தூங்கவிடாமல் செய்தது வெடிச்சத்தமல்ல, அந்த அப்பாடாதான்.

பக்கத்தில் நின்ற துரை இன்ஸ்பெக்டரின் காதில் என்னவோ சொன்னார். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பொம்பளைகள் நாற்றத்துக்குப் பயந்து செய்த கூத்து, இதற்குப் போய் ஜீப்பா? ராக்கம்மாவை இறக்கிவிட்டார்கள். இனிமேல் எந்த வீட்டிலும் சார்ஜ் போடக்கூடாது என்று உத்தரவு வந்தது. விவரம் தெரியாத ராக்கம்மா அடைத்துவிட்டாள், மகராசி பஞ்சாலை முன்னால் வந்து காப்பாற்றினாள் என்று லயம் முழுக்கப் பேச்சானது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பஞ்சாலைக்கு வழிவிட்டார்கள். அவளுக்கு அப்படியே கூனிக் குறுகிப்போகும்.

பேச்சு ரஹாங்குக்கும் போனது. பயந்து ஓடிய மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பினார்கள். "அடுத்த வீட்டுக்காரிக்காக ஜீப் முன்னால போய் நின்னவ வீட்டுப் பொண்ணு எங்களுக்கு வேணும்," என்று தாயார் சொன்னாளாம். நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று. திருநாவுக்கரசு சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் திரிந்தார், ஆனால் பெண்டாட்டியின் முகத்தை மட்டும் நேராகப் பார்க்கமாட்டார்.

பஞ்சாலை வெற்றிலைத் தட்டோடு ராக்கம்மாவை அழைக்கப் போனாள். கட்டு அவிழ்த்திருந்தது. இடது கண் வெளுத்துப் போயிருந்தது.

"வாங்கக்கா," என்று ராக்கம்மா பாயை விரித்தாள். "ஒங்க நல்ல மனசுக்குத்தான் இந்தச் சம்பந்தம் அமைஞ்சிருக்கு. வர்றவங்க எல்லார்கிட்டயும் நான் இதத்தான் சொல்றேன்."

"ராக்கு, நெசமாவே நாந்தான் அடைச்சேன்."

"அட, இன்னுமா விடல நீங்க? போங்கக்கா லா." அவள் சிரித்தாள்.

பஞ்சாலை மடியிலிருந்து அந்த ஒட்டுப்பால் உருண்டையை எடுத்தாள். கிள்ளி எடுத்த குழி மூன்றும் அதில் இருந்தன. நான்காவதாக ஒன்றைக் கிள்ளி, கட்டைவிரலால் உருட்டி, பாயின் மேல் அழுத்திக் காட்டினாள். ராக்கம்மாவின் சிரிப்பு மெல்ல நின்றது. உருண்டையை வாங்கி, குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள்.

"நெருப்பு ஆகாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சுவத்துக்கு மேல குரல் குடுத்தீங்களே, காப்பிக்குத் தண்ணி வையின்னு. அப்பவும் தெரியுமா?"

பஞ்சாலை ஆமாம் என்று தலையை அசைத்தாள். தரையைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. "நாளைக்குப் பெரட்டுல எல்லார் முன்னாலயும் சொல்லிடுறேன் ராக்கு. சம்பந்தம் போனாலும் போவட்டும்."

ராக்கம்மா உருண்டையை அவள் தட்டிலேயே, வெற்றிலை மேல் வைத்தாள்.

"சொல்லுங்க," என்றாள். "அப்பவும் ஒங்களத்தான் நல்லவங்கன்னு சொல்லுவாங்க."

அக்கா என்று அவள் சொல்லவில்லை. எழுந்து போய், சன்னல் இரண்டையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்க உட்கார்ந்தாள்.