மேலே ஏற்றியவை

டீ டம்ளரைக் கீழே வைத்ததும் தணிகைவேல் நடு அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சாமான்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அது உண்டு. டார்ச் லைட் என்றார். மனைவி செல்வகுமாரி அதை அடித்துக் காட்டி அணைத்தாள். மெழுகுவர்த்தி, பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் போட்ட தீப்பெட்டி, தண்ணீரில் போடும் குளோரின் மாத்திரை, சின்ன கேஸ் அடுப்பு, அவல், வெல்லம், பொட்டுக்கடலை, தார்ப்பாய், லாரி டியூப் இரண்டு, விசில் இரண்டு. கடைசியில் கத்தி. கத்தி மட்டும் ஆறு இருந்தது. வாசக்கதவுக்குப் பின்னால் ஒன்று, படிக்கட்டுச் சுவரில் ஒன்று, மாட்டுக் கொட்டாய் இருந்த இடத்தில் மிச்சமிருக்கும் கம்பத்தில் ஒன்று என்று வீட்டைச் சுற்றி மாட்டி வைத்திருந்தார். அவள் போய் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து 'இருக்குது' என்று சொல்ல வேண்டும். சொன்னாள். அவலில் வண்டு வந்திருந்ததை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் மொத்தத்தையும் கொட்டிக் காயப்போடச் சொல்வார். வெயிலுக்கு எங்கே போவது? வெள்ளிக்கிழமையிலிருந்து வானம் மூடிக்கொண்டு தூறிக்கொண்டிருந்தது.

சாமானாவது வைத்த இடத்தில் கிடக்கும். உயிருள்ளவை அப்படி இல்லை. தண்ணீர் சுற்றிக்கொண்டால் பால் பாக்கெட் வராது என்று இரண்டு வெள்ளாடு வாங்கினார். முட்டைக்கு ஆறு கோழி. பாம்பு வந்தால் கத்தும், தானே நீந்திப் பிழைத்துக்கொள்ளும் என்று மூன்று வாத்து. எதையும் கயிற்றில் கட்ட விடமாட்டார். அதனால் ஆடு அவள் காயப்போட்ட புடவையைத் தின்றது, வாத்து சமையலறை வரை வந்து கழிந்துவிட்டுப் போனது. டிவியில் மழைக்கு ஆரஞ்சு கலர் காட்டினால் அத்தனையையும் மாடித் தகரக் கொட்டகைக்கு ஏற்ற வேண்டும். அவருக்கு முட்டி மடங்காது. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவது அவள்தான். இந்த வருஷத்தில் மட்டும் ஒன்பது தடவை ஏற்றி இறக்கியாயிற்று. தண்ணீர் ஒரு தடவைகூட வரவில்லை. பத்தாவது தடவையாக நேற்று ஏற்றியவை இன்னும் மேலேதான் இருந்தன. அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். ஆட்டுக்குத் தழை, கோழிக்குத் தீனி, வாத்துக்குத் தண்ணீர் என்று அவள் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ஏம்பலத்தில் இருக்கும் அக்கா வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போனவள் சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் திரும்பி வந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புயல் கடந்து எல்லோரும் அப்பாடா என்று இருந்தபோதுதான் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் விடியற்காலையில் சோரியாங்குப்பத்துக்குள் புகுந்தது. செவலை மாடு கொட்டாயில் கட்டியிருந்தது. தணிகைவேல் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போனார். நனைந்த கயிறு இறுகிக் கிடந்தது, கையில் கத்தி இல்லை. தண்ணீர் நெஞ்சுக்கு வந்ததும் திரும்பினார். படியில் சறுக்கி முட்டி போனது அப்போதுதான். மாடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் மாட்டின் சத்தத்தைக் கேட்டார்கள். அது நின்ற பிறகும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அந்த மாட்டைப் பற்றி அந்த வீட்டில் ஒரு பேச்சு கிடையாது. கத்திகள்தான் ஒவ்வொன்றாக வந்தன. செல்வகுமாரிக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அதைச் சொல்ல முடியாமல்தான் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள்.

மகள் பிரியதர்ஷினிக்கு வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு இங்கேதான் கூட்டிவந்தார்கள். அவளுடைய அறைதான் இந்த நடு அறை. டியூபுக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் கட்டிலைப் போட்டுக் கொடுத்தார்கள். நாலு நாள் இருந்தாள். "எனக்கு மூச்சு முட்டுதும்மா" என்று சொல்லிவிட்டு, புருஷனை வரச்சொல்லி வில்லியனூருக்கே போய்விட்டாள். வலி எடுத்தால் உடனே வந்துவிடுகிறேன் என்று செல்வகுமாரி அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கத்தி வரை சரிபார்த்து முடித்தபோது மணி பத்து இருக்கும், மாப்பிள்ளை கலைவேந்தன் போன் பண்ணினார்.

"அத்த, பிரியாவுக்கு வலி கண்டுடுச்சி. ஆஸ்பத்திரில சேத்துட்டோம். அம்மா எப்ப வரும்னு கேட்டுக்கினே இருக்குது."

சட்டென்று முகம் கழுவினாள், வேறு புடவை கட்டினாள், பழைய வேட்டித் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். வெளியே வந்தால் வாசலைக் காணோம். படிக்கட்டுக்கு அடியில் அடுக்கியிருந்த மணல் மூட்டைகளை இழுத்து வந்து கதவுக்குக் குறுக்கே மூன்று வரிசை போட்டிருந்தார் தணிகைவேல். பின்கட்டு வாசலை ஏற்கனவே சனிக்கிழமையே அடைத்தாயிற்று. அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படி இழுத்தாரோ, சுவரில் சாய்ந்து முட்டியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது?"

"டிவில செவப்பு போட்டுட்டான். அணைய தெறக்கப் போறானாம்."

"பிரியாவுக்கு வலி வந்துடுச்சி. நான் போறேன்."

"தரப்பாலத்துல தண்ணி ஏறிச்சின்னா அந்தாண்டயே மாட்டிக்குவ, குமாரி."

"இந்தாண்டயே மாட்டிக்கினுதான இருக்கேன்."

அதைச் சொன்னது தான்தான் என்று தெரிய அவளுக்கே ஒரு நிமிஷம் ஆகிவிட்டது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். குனிந்து தன் காலைப் பார்த்தபடி, "நான் தனியா இன்னா பண்ணுவேன்" என்றார். நாற்பது ஏக்கர் கரும்பு வெட்டுக்கு ஆள் பிடித்து மேய்த்த மனுஷன். அந்தக் குரல் வயசான யாருடையதோ போல இருந்தது.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு மேல் மூட்டையைப் பிடித்து இழுத்தாள். ஈர மணல், பிணம் மாதிரி கனத்தது. ஒன்றை நகர்த்திப் பக்கத்தில் தள்ளினாள். இரண்டாவது. மூன்றாவது. புடவை முந்தானை சேறானது. அவர் தடுக்கவும் இல்லை, நகரவும் இல்லை. நாலாவது மூட்டையில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். திரும்பிப் பார்த்தால் வார்த்தை வராது என்று தெரிந்து, கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு செவலைக்கு ரெண்டு முடிச்சு போட்டது நான்தான். அவுத்துக்கினு போயி பக்கத்து வூட்டு கத்திரிச் செடிய மேஞ்சிடுதுன்னு இறுக்கிப் போட்டேன். நீங்க கத்தி இல்ல கத்தி இல்லன்னு இத்தினி நாளா உங்கள நீங்களே அடிச்சிக்கிறீங்க. கத்தி இல்லாததால இல்ல, அந்த முடிச்சாலதான் போச்சி."

தகரத்தில் மழை வலுத்தது. மாடியில் வாத்து ஒன்று கத்தி ஓய்ந்தது.

"தெரியும்" என்றார் தணிகைவேல்.

அவள் திரும்பினாள்.

"நீ போடற முடிச்சு எனக்குத் தெரியாதா? தண்ணிக்குள்ள கைய வுட்டதுமே தெரிஞ்சிப்போச்சி. ஒண்ண அவுத்துட்டேன். ரெண்டாவது பாதி வந்துச்சி. நீ படில நின்னுக்கினு கூப்ட்ட." முட்டியைத் தடவினார். "இன்னும் கொஞ்சம் நின்னிருந்தா அவுந்திருக்கும்."

அவள் கூப்பிட்டது ஒரு தடவை இல்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டு, போனால் போகட்டும் வந்துடுங்க வந்துடுங்க என்று தொண்டை கிழியக் கத்தியது இப்போது காதில் கேட்டது. ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இவள் முடிச்சை நினைத்துக்கொண்டும் அவர் அந்தப் பாதியை நினைத்துக்கொண்டும் இரண்டு வருஷம் தள்ளியிருக்கிறார்கள். அவருக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்றும் தெரிந்தது. இடுப்பில் செருகியிருந்த போன் மறுபடி அடித்தது. அதை எடுக்காமல் நாலாவது மூட்டையைப் பிடித்தாள்.

எதிர்ப்பக்கம் இன்னொரு கை வந்து பிடித்தது.

"பஸ்ஸு வராது. சாமிக்கண்ணு ஆட்டோவுக்கு நான் சொல்றேன்" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து ஆள் நுழையும் அளவுக்கு வழி எடுத்தார்கள்.

ஆட்டோ வருவதற்குள் அவள் குடிதண்ணீர்க் குடம், சோற்றுப்பானை, அவருடைய மாத்திரை, பாய், டிரான்சிஸ்டர் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றினாள். கடைசியாக அவரையே ஏற்றினாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, அவர் இடுப்பைத் தாங்கிக்கொண்டு. கொட்டகைக்குள் ஆடுகளுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தாள்.

"கீழ எறங்கவே கூடாது. இன்னா ஆனாலும் சரி. அவல்ல வண்டு இருக்குது, பொடச்சி சாப்புடுங்க."

"எப்பத்துலேந்து?"

"ரெண்டு வாரமா."

அவர் அவளையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். "இன்னா கொய்ந்தன்னு போன் போடு" என்று மட்டும் சொன்னார். ஆடு ஒன்று அவர் லுங்கி முனையைக் கடித்து இழுத்தது. அதை அவர் விலக்கவில்லை.

சாமிக்கண்ணு தார்ப்பாய்த் திரையை இறக்கிவிட்டு ஓட்டினான். இரண்டு பக்கமும் நெல்லு வயல் தண்ணீராக இருந்தது, வரப்பு எங்கேயென்று தெரியவில்லை. தரைப்பாலத்தில் ஏறும்போது பழுப்புத் தண்ணீர் பாலத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, மூங்கில் கிளையும் வாழை மரமுமாக இழுத்துப் போனது. ரெயின்கோட் போட்ட போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதிக் கையைக் காட்டினார்.

"சீக்கிரம் போ, சீக்கிரம் போ. இதோட குளோஸ். இனிமே ரெண்டு பக்கமும் வுட மாட்டோம்."

"பொழச்சோம்க்கா" என்றான் சாமிக்கண்ணு.

செல்வகுமாரி பின்பக்கத்துப் பிளாஸ்டிக் ஜன்னலை விரலால் துடைத்துப் பார்த்தாள். போலீஸ்காரர்கள் இரண்டு பேர் மஞ்சள் தடுப்பை ரோட்டுக்குக் குறுக்கே தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு சக்கரம் சுற்றாமல் சேற்றில் கோடு இழுத்துக்கொண்டு வந்தது. பாதி வழியில் நின்றுவிட்டது. இரண்டு பேரும் குனிந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அதைத் தூக்கி வைத்தார்கள்.