மேட்டுக் காற்றுக்கு வைத்த பொறி

எத்தியோப்பிய மலைகளுக்குக் கீழே, வெயில் ஊரான டிரே டாவாவில் ரமதானின் பட்டறை மரத்தடியில் அன்று நான்கு பேர். பழைய பெஜோ டாக்ஸியின் கதவைத் திறந்துவைத்து ஓட்டுநர் இருக்கையில் அதன் சொந்தக்காரி அஸ்னாகெச். எதிரே டயர்மேல் மெக்கானிக் ரமதான், கிறுகிறுப்புக்காகக் கன்னத்தில் அடக்கிய சாத் இலையோடு. கரியடுப்புப் பக்கம் முக்காலியில் காபி விற்கும் நூரியா. வண்டியை உதிரிபாகங்களுக்காக வாங்க வந்திருந்த கிர்மாச்சோ மட்டும் உட்காராமல் பானெட்டில் சாய்ந்திருந்தான்.

மலைமேல் அடிஸ் அபாபாவிலிருந்து இந்த வண்டியை நம்பித்தான் அஸ்னாகெச் இறங்கி வந்திருந்தாள். பிழைப்பு நிலைத்தால் தாயே என்ற பெயருடைய அவள் கணவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவான். ஆனால் மேடு ஏறும்போதெல்லாம் எஞ்சினுக்குள் தகரடப்பாவில் கூழாங்கல் குலுக்கும் சத்தம்.

"பிஸ்டன் போச்சுக்கா. இவருக்கே தள்ளிவிட்ருங்க," என்றான் ரமதான்.

"நான் அவசரப்படுத்தல," என்றான் கிர்மாச்சோ.

"கழுகு என்னைக்கு அவசரப்பட்டிருக்கு?" என்றபடி நூரியா இரண்டாம் சுற்றுக் காபியை ஊற்றினாள்.

அஸ்னாகெச் பேச்சை மாற்றினாள். "உங்க ஊர்ல பயறுகூட சட்டுனு வெந்துடுது. எங்க ஊர்ல ஒரு மத்தியானம் போயிடும்."

"இங்க காத்து கனம்டி. மலையில எல்லாமே மெலிசு, உங்க ஆம்பளைங்க மாதிரி," என்றாள் நூரியா.

அஸ்னாகெச்சின் கையில் கோப்பை அப்படியே நின்றது. மெலிந்த காற்றில் பெட்ரோல் மெதுவாகத்தான் எரியும். அதனால் அடிஸில், எஞ்சினுக்குள் பொறி விழும் நேரத்தை வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி, பொறியை முந்தி விழ வைப்பார்கள். தாயேயும் அப்படித்தான் வைத்திருந்தான். இந்தக் கனத்த காற்றில் அதே பொறி, மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டனைத் தலையிலேயே அடிக்கிறது.

"டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட்டியா தம்பி?" என்று ரமதானைக் கேட்டாள்.

"அத எதுக்குத் தொடணும்? ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகுதே."

"வண்டி இறங்கி வந்துடுச்சு. அதோட பொறி இன்னும் மலையிலயே நிக்குது."

ரமதான் இலையைத் துப்பிவிட்டு ஸ்பேனரை எடுத்தான். போல்ட்டைத் தளர்த்தி, பொறி கொஞ்சம் பிந்தி விழும்படி, உள்ளே சுழலும் ரோட்டரின் திசையிலேயே நகக்கண் அளவு திருப்பினான். நால்வரும் வண்டியில் ஹரார் சாலை மேட்டில் ஏறினார்கள். சத்தம் பாதியானது. இன்னும் திருப்பியதில் வண்டி தூங்குமூஞ்சிக் கழுதைபோல் இழுத்தது. மயிரிழை பின்னால் கொண்டுவந்தார்கள். அடுத்த ஏற்றத்தில் ஜன்னல் காற்று மட்டுமே கேட்டது.

"பக்கக் கண்ணாடியையாவது குடுத்துடேன்," என்றான் பின்சீட்டிலிருந்து கிர்மாச்சோ.

"உன்னை இறக்கிவிட்டுட்டு, நீ பின்னால நிக்கிறத அதுலதான் பாக்கணும்," என்றாள் அஸ்னாகெச்.

சாயங்காலம் பேருந்து நிலையத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்மேல் காகிதம் வைத்துத் தாயேவுக்கு எழுதினாள்: 'பிள்ளைகளின் கம்பளிகளை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வா. இங்கே தேவைப்படாது.' உறையில் வேலம்பிசின் தடவிக் கட்டைவிரலால் அழுத்தினாள். கிரீஸ் ரேகை கறுப்பாகப் பதிந்தது. நகரத் தொடங்கிய அடிஸ் பேருந்தின் ஜன்னலிலிருந்து நடத்துனரின் கை நீண்டு, உறையை வாங்கிக்கொண்டது.