வலது கட்டைவிரல்

புதுச் சட்டம் வரப்போகிறது என்ற செய்தியைக் கோகுலகிருஷ்ணன்தான் வாட்ஸாப் குழுவில் போட்டான். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் கூடியபோது வேறு பேச்சில்லை. திண்டிவனத்துக்கு வெளியே, தண்ணீர் வற்றிய ஏரி. ட்ரோன் பைத்தியம் பிடித்தவர்கள் விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வாரம் தவறாமல் அங்கே வருவார்கள்.

"பொம்ம சைஸா இருந்தாலும் நம்பர் வேணுமாம்," என்றான் கோகுலகிருஷ்ணன். திண்டிவனத்தில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவன். "கம்பெனி சரக்குக்குத்தான் நம்பர். வூட்ல செஞ்சதுக்குக் கெடையாது. மீறுனா புடிச்சி உள்ள வெச்சிடுவான்."

"அப்ப காத்தாடி வுடலாம்," என்றான் வல்லரசு.

"நூலப் புடுங்கிடுவான்."

மரக்காணத்து மீனவன் ராஜவேலு மல்லாட்டை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். "நான் கடலு மேல வுட்டுக்கறேன். அங்க யாரு நம்பர் கேக்கப் போறா? சொறாவா?"

சிரித்தார்கள்.

தென்னரசு சிரிக்கவில்லை. குழுவில் சொந்தமாக ட்ரோன் செய்கிறவன் அவன் ஒருவன்தான். மோட்டார் ஒரு இடத்திலும் சட்டகம் ஒரு இடத்திலும் வாங்கி, சொந்த ஊரான கெடாரில் தன் நிலத்து மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து ஒயர்களைப் பற்றவைப்பான். அவன் செய்ததைக் கிளப்பினால் மற்றவர்கள் தங்களுடையதை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள்.

"என்னுதெல்லாம் இனிமே குப்பதான்," என்றான்.

"உனக்கின்னா மச்சான் கவல? உன் வூட்லயே லைசென்சு இருக்குது," என்றான் கோகுலகிருஷ்ணன்.

"அண்ணி கிட்ட பர்மிசன் கேட்டுக்கினு வா," என்றான் வல்லரசு.

இதற்கும் சிரித்தார்கள்.

மருந்தடிக்கிற ட்ரோன் ஒன்று மகளிர் குழுவுக்கு வந்தபோது, அதை ஓட்டப் படிக்க யாரை அனுப்புவது என்று குழுவில் தயங்கினார்கள். தன் மனைவி பரிமளாவின் பெயரைக் கொடுக்கச் சொன்னது தென்னரசுதான். சான்றிதழ் அவள் பெயரில் இருக்கும், ரிமோட் தன் கையில் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தான். சென்னையில் பயிற்சி முடித்து அவள் திரும்பிய அன்று, பெட்டியைத் திறந்ததும் ரிமோட்டுக்குக் கை நீட்டினான்.

"வேணாம் மாமா. சான்றிதழ் இல்லாதவங்க ஓட்டுனா என்னுதப் புடுங்கிடுவாங்க."

"உனக்குக் கத்துக் குடுத்தவனே நான்தான்டி."

"நீ எங்க கத்துக் குடுத்த? தொடவே வுட மாட்ட. பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருந்தேன்."

அது உண்மை. நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

பிறகு கெடாரில் அவள் ஓட்டுவதைப் பார்க்கப் போனான். பக்கத்து ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். அவள் நேர்கோட்டில் போனாள், நேர்கோட்டில் வந்தாள். வேகம் இல்லை. ஒரு வளைவு, ஒரு சுழற்றல் இல்லை. வரப்பு முனையில் திருப்பும்போது தடுமாறுவாள் என்று தென்னரசு காத்திருந்தான். தடுமாறவில்லை. அடுத்த வயலுக்கும் போனான். அங்கும் காத்திருந்தான்.

கோகுலகிருஷ்ணன் அவளை வாட்ஸாப் குழுவில் சேர்த்தான். அதுவரை சந்தேகம் வந்தால் தென்னரசைக் கேட்டவர்கள் இப்போது அவளைக் கேட்டார்கள். அண்ணி, இத எப்படிப் பதியறது? அண்ணி, ஏர்போர்ட்டு பக்கம் எவ்ளோ தூரம் தள்ளி வுடணும்? அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே பதிலைக் குரல்பதிவாக அனுப்புவாள். பின்னால் மாடு கத்துவதும் கேட்கும். தென்னரசு தன் போனில் அதைப் போட்டுக் கேட்பான். தப்பாக ஏதாவது சொல்கிறாளா என்று இன்னொரு முறை கேட்பான்.

சட்டத்துக்கு ஆட்சேபம் எழுதி அனுப்புவது என்று குழுவில் முடிவானது. கோகுலகிருஷ்ணன் எழுதியதை எல்லோரும் பார்த்தார்கள். "அண்ணியும் ஒருவாட்டி படிச்சி சரின்னு சொல்லட்டும்," என்றான் ராஜவேலு. தென்னரசு கையெழுத்துப் போடவில்லை.

ஓமந்தூரில் விவசாயிகளுக்கு ஓட்டிக் காட்ட வேளாண்மை அலுவலர் பரிமளாவை அழைத்திருந்தார். அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் அவள் காணைக்கு மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். ஸ்கூட்டி தெருமுனை திரும்பியதும் தென்னரசு பெட்டியைத் திறந்தான்.

ட்ரோனைக் கரும்புக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போய் அதன் மடக்குக் கைகளை விரித்து வைத்தான். மருந்துத் தொட்டி காலியாக இருந்தது. ரிமோட்டைக் கையில் எடுத்தான்.

ரிமோட்டில் இரண்டு ஸ்டிக். எந்த ஸ்டிக்கைத் தள்ளினால் ட்ரோன் எழும்ப வேண்டும் என்பதில் இரண்டு வழக்கம் இருக்கிறது. பயிற்சிப் பள்ளிகளில் இடது. தென்னரசு ஆரம்பத்தில் பழகியது வலது. விரலில் ஏறிவிட்ட வழக்கத்தை மாற்றுவது கடினம். குழுவில் மற்ற எல்லோரும் இடதுகாரர்கள். அவனுடைய ரிமோட்டை வாங்கி யாரும் ஓட்டிப் பார்த்துவிட முடியாது. அது அவனுக்குப் பிடித்திருந்தது.

செட்டிங்கில் போய் வலதுக்கு மாற்றினான். கிளப்பினான்.

கரும்புத் தோகைகள் படுத்து எழுந்தன. புழுதி முகத்தில் அடித்தது. அவன் செய்தவை எல்லாம் அதன் பக்கத்தில் குருவிகள். இது எருமை. எருமை அவன் கட்டைவிரலுக்குக் கீழ்ப்படிந்தது. கரும்பின் மேல் சாய்த்தான், திருப்பினான், பின்பக்கமாக இழுத்து வந்தான். பரிமளா ஒரு நாளும் அதை இப்படி ஓட்டமாட்டாள். பார்க்க யாரும் இல்லை என்பதுதான் குறை.

ஸ்கூட்டி சத்தம் கேட்டது. இறக்கினான். துடைத்தான். மடக்கினான். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது பெட்டி பழைய இடத்தில் இருந்தது.

மறுநாள் வாடகைக் குட்டியானை வண்டியில் ஏற்றி அவனே ஓமந்தூருக்கு ஓட்டிப் போனான். குழுவிலிருந்து மூன்று பேரும் வந்திருந்தார்கள். நெல் வயல். வரப்பு நெடுக ஆட்கள் நின்றார்கள். பரிமளா நீலச் சட்டையும் தொப்பியும் போட்டிருந்தாள்.

"அண்ணியப் பாருடா, பைலட்டு," என்றான் வல்லரசு. "நீ இன்னா மச்சான், கிளீனரா?"

"பேட்டரி தூக்கறவன்," என்றான் கோகுலகிருஷ்ணன்.

தென்னரசு பேட்டரியை மாட்டிவிட்டு வரப்புக்குத் திரும்பினான். கைகளைப் பேண்ட் பையில் விட்டுக்கொண்டான்.

ட்ரோன் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இன்னொருவர் ஓட்டுவதைப் பார்க்கும்போது அவர்கள் கட்டைவிரலும் சேர்ந்து அசையும். பரிமளா ரிமோட்டை வயிற்றோடு அணைத்துப் பிடித்தாள். பையில் தென்னரசின் வலது கட்டைவிரல் தானாக மேலே போனது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாற்றியதைத் திரும்ப மாற்றி வைக்கவில்லை.

இடது ஸ்டிக்கைத் தள்ளுவாள். ட்ரோன் எழும்பாது. மூக்கு குத்தி முன்பக்கமாகச் சாயும். இறக்கைகள் வரப்பில் அடித்துச் சிதறும். தொட்டி நிறைய மருந்து இருக்கிறது. ஆட்கள் தள்ளித்தான் நிற்கிறார்கள். ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது. இதை அவன் நினைத்தும் பார்த்தான்.

பரிமளா, நிறுத்து. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அலுவலர் நிற்கிறார். சான்றிதழ் இல்லாதவன் எடுத்தான் என்று வெளியே வரும்.

ஆனால் அவன் வாயை மூடியிருந்தது அதற்காக இல்லை. அது விழுந்தால் எல்லோரும் அவன் பக்கம்தான் திரும்புவார்கள். தென்னரசு, நீ வாடா, வந்து பாருடா என்று கோகுலகிருஷ்ணன் கூப்பிடுவான். அவன் வரப்பில் இறங்கி நடப்பான். எல்லோரும் வழி விடுவார்கள். அந்தக் குரலுக்காக அவன் காத்திருந்தான்.

பரிமளாவின் இடது கட்டைவிரல் ஸ்டிக்கின் மேல் இருந்தது.

மோட்டாரைக் கிளப்பாமல் ஸ்டிக்கை ஒருமுறை அசைத்துத் திரையைப் பார்த்தாள். பறக்குமுன் தினமும் அவள் செய்வதுதான். மறுபடி அசைத்தாள். மறுபடி பார்த்தாள்.

"என்னம்மா, ஏதாவது பிரச்சனையா?" என்றார் அலுவலர்.

"ஒண்ணுமில்ல சார். செட்டிங் ஒண்ணு பாக்கணும்."

திரையில் எதையோ தட்டினாள். தலை தூக்கித் தென்னரசைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் பேண்ட் பையைப் பார்த்தாள். கை உள்ளேயே இருந்தது.

ட்ரோன் எழும்பியது. நேர்கோட்டில் போனது. நேர்கோட்டில் வந்தது. வரப்பில் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். இறங்கியதும் கை தட்டினார்கள்.

"அண்ணி, வேற லெவல்," என்றான் ராஜவேலு. "வர ஞாயித்துக்கெழம ஏரிக்கு வாங்க. எங்களுக்கும் கத்துக் குடுங்க."

"வர்றேங்க," என்றாள்.

தென்னரசு தொட்டியைக் கழுவினான். பேட்டரிகளைப் பெட்டியில் அடுக்கினான். வண்டி கிளம்பி ஓமந்தூர் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"நேத்து எடுத்தியா?"

"காலித் தொட்டிதான். நம்ம கொல்லையிலதான் வுட்டேன்."

"எங்க வுட்டன்னு நான் கேக்கல."

அவன் கியர் மாற்றினான்.

"எப்படிப் போச்சு?" என்றாள்.

அவள் அப்படிக் கேட்பாள் என்று அவன் நினைக்கவில்லை. "சூப்பராப் போச்சு. பின்னாடி இழுத்தா கூட அசங்காம வருது."

"ம்." அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். "செட்டிங்கத் திரும்ப மாத்தலன்னு உனக்கு எப்ப ஞாபகம் வந்துது?"

"அங்கதான்."

"அங்கன்னா?"

"நீ நின்னியே, அப்ப."

"நான் ஸ்டிக்கத் தொடறதுக்கு முன்னயா, பின்னயா?"

திண்டிவனம் மேம்பாலத்தில் ஏறியது வண்டி. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. வழி விட்டான். பொய் ஒன்று தயாராக இருந்தது. அதைச் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள். அவள் அவன் பையைப் பார்த்திருந்தாள்.

"முன்ன," என்றான்.

அவள் தலையாட்டினாள். அழுவாள் அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கோகுலகிருஷ்ணனிடம் சொல்லிவிடுவேன் என்றாவது சொல்வாள். அவள் காலடியில் இருந்த உறையைத் திறந்து ரிமோட்டை வெளியே எடுத்தாள்.

"இன்னா பண்ற?"

"நம்பர் பூட்டு போடறேன்."

"நான் இனிமே தொட மாட்டேன் பரிமளா."

"செரி மாமா. ரோட்டப் பாத்து ஓட்டு."

ரிமோட்டைக் கதவுப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அவன் சாலையைப் பார்த்தான். முன்னால் கரும்பு லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் விரல் திரையில் தட்டுவதும் ஒவ்வொரு தட்டலுக்கும் ரிமோட் கீச்சிடுவதும் கேட்டன. எத்தனை என்று எண்ண வேண்டாம் என்று நினைத்தான். எண்ணிக்கொண்டிருந்தான்.