திரையில் தெரிந்த புள்ளி

தம்பி ஓட்டும் போர் விமானத்துக்கு ஏறக்குறைய அவன் வயது. அக்கா பராமரிக்கும் விமானம் தளத்துக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஓடுபாதைக்கு இந்தப் பக்கம் அவன் கொட்டகை, அந்தப் பக்கம் அவள் கொட்டகை. சாப்பாட்டுக்கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் இரண்டு பேருக்கும் வாய் சும்மா இருக்காது.

“உன் வண்டி கிளம்பினா பக்கத்து ஊர்ல தூங்கற குழந்தையெல்லாம் எழுந்துக்குது. புகை வேற. எதிரிக்கு நீயே விலாசம் எழுதிக் குடுத்துட்டுப் போற” என்பாள் அக்கா.

“உன் வண்டிய மட்டும் என்னவாம்? தொட்டா குத்தம், சாஞ்சா குத்தம். என்னுது மக்கர் பண்ணினா சுத்தியலால ரெண்டு தட்டு. கிளம்பிடும்.”

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். அவனுடையதன் மேல் பூட்ஸ் காலோடு ஏறி நடக்கலாம். வானத்தில் சட்டென்று வளைந்து திரும்பும். உள்ளே இருப்பவனுக்குக் கழுத்து பிசகிவிடும். அவளுடையதில் கை வைப்பதற்கு முன் மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். மேல்பூச்சில் ஒரு கீறல் விழுந்தால்கூட ரேடாரில் காட்டிக் கொடுத்துவிடும். ஏவுகணைகளைக்கூட வயிற்றுக்குள் ஒளித்து வைத்திருக்கும். வளைந்து நெளிந்து சண்டை போடும் அவசியம் அதற்கு அதிகம் வராது. யார் கண்ணிலும் படுவதற்குள் வேலையை முடித்துவிட்டுத் திரும்பிவிடும். வீரம் கீரம் என்று பேசுகிறவர்களுக்கு இது பிடிப்பதில்லை. விமானத்துக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

எல்லைக்கு அப்பால் இருந்தவர்களும் இந்த மாதிரி மறைந்து வரும் விமானங்களை வாங்கிவிட்டார்கள். அதனால் தலைமையகம் ஒரு பயிற்சிச் சண்டைக்கு ஏற்பாடு செய்தது. பழையது நான்கு, புதியது ஒன்று. பழையது ஈடுகொடுத்தால் அந்த அணியை எல்லைக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் அணியைக் கலைத்து, விமானிகளை மேசை வேலைக்கு மாற்றிவிடுவார்கள். தம்பியை இந்த வயதில் புதிய விமானத்துக்கு எடுக்க மாட்டார்கள். பறப்பதைத் தவிர வேறு எதுவும் உருப்படியாகத் தெரியாத ஆள் அவன்.

சண்டையில் தம்பி ஜெயித்தான்.

அவன் திரையில் ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்தது. குறிவைத்தான், பொத்தானை அழுத்தினான். புதியது விழுந்ததாக நடுவர் ரேடியோவில் அறிவித்தார். இறங்கியதும் கூட்டாளிகள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வந்தார்கள்.

முகம் கழுவும்போதுதான் அவனுக்கு உறுத்தியது. அவனுடையது கிழட்டு ரேடார். அதில் அந்த விமானம் அத்தனை பளிச்சென்று தெரிய ஒரே ஒரு வழிதான் உண்டு. மறைந்து பறக்கும் விமானம் சாதாரண நாட்களில் சொந்தக் கோபுரத்துக்காவது தெரிய வேண்டுமே என்று, அதன் உடம்பில் கைப்பிடி அளவு குமிழ் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். ரேடார் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும் குமிழ். கொட்டகைக்காரர்கள் அதை மரு என்பார்கள். சண்டை என்றால் அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்றுவது அக்காவின் வேலை. கிளம்புமுன் விமானியும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பார்தான். ஆனால் தினமும் இருக்கிற பொருள் இருந்தால் யார் கண்ணுக்கு உறுத்தும்?

அவன் ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு அவள் கொட்டகைக்குப் போனான். அக்கா தனியாக உட்கார்ந்து துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“மருவைக் கழட்டினியா?”

“கழட்டிட்டேன்.”

“எப்போ?”

அவள் துணியை மடித்தாள். “எறங்கினதுக்கு அப்புறம்.”

“மறந்துட்டியா?”

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தம்பியிடம் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

“இல்லடா. மேசைக்குப் பின்னாடி உக்கார வெச்சா ஒரே வருஷத்துல நீ ஒண்ணுமில்லாம போயிடுவ. அப்பா செத்தப்போகூட அழாத ஆளு, அணியைக் கலைக்கப் போறாங்கன்னு கேட்டதும் என் வீட்டு மாடிப்படியில உக்காந்து அழுத. நான் பாத்துட்டுச் சும்மா இருப்பேனா?”

தம்பிக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் எல்லை நினைவுக்கு வந்தது.

“அக்கா, நாங்க ஜெயிச்சதா முடிவு பண்ணியாச்சு. அடுத்த வாரம் நாலு பேரையும் எல்லைக்கு அனுப்பறாங்க. அங்க வர்ற வண்டியில மரு இருக்காது.”

அக்கா அவனையே பார்த்தாள். அந்த விமானத்தின் ஒவ்வொரு திருகாணியும் அவளுக்கு அத்துப்படி. இது மட்டும் எப்படித் தோன்றாமல் போனது என்று அவளுக்கே புரியவில்லை. துணியைப் போட்டுவிட்டு எழுந்து, தளபதியின் அறையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

அவன் பின்னாலேயே ஓடினான். “மறந்துட்டேன்னு சொல்லிடு அக்கா. திட்டறதோட விட்டுடுவாங்க. வேணும்னே செஞ்சேன்னா வேலை போயிடும்.”

“மறந்துட்டேன்னா, நெஜமா மறந்தேனான்னு ஒரு மாசம் விசாரிப்பாங்க. அதுவரைக்கும் இந்த முடிவுதான் நிக்கும். நீ அடுத்த வாரம் கிளம்பற. வழிய விடுடா.”

உள்ளே போய் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அன்றைக்கே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் சண்டையைத் திரும்ப நடத்தினார்கள். தம்பி தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினான். வளைந்தான், தாழப் பறந்தான், கண்ணாலேயே வானத்தைத் துழாவினான். திரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. துழாவிக்கொண்டிருக்கும்போதே நடுவரின் குரல் வந்தது. நீங்கள் நான்கு பேரும் இறந்துவிட்டீர்கள், தளத்துக்குத் திரும்பலாம் என்றார்.

இறங்கியதும் அக்காவுக்கு போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“என்னடா ஆச்சு?”

“செத்துட்டேன் அக்கா. நாலு பேரும்.”

“அப்போ எல்லைக்கு?”

“யாரையும் அனுப்பல. திங்கக்கிழமையிலேருந்து மேசை.”

அக்கா வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே, எங்கும் நிற்காமல் நேராக வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னாள்.